இடது வெளிக்களத்துக்குப் பூக்கட்டிப் பார்த்தது

அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் பேஸ்பால் அணி ஒரேயொரு ஆட்டத்தில்தான் வென்றது. அன்று எதிரணி வரவில்லை. வந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

அணி அப்பாவுடையது என்று சொல்ல முடியாது. அவர் தலையில் வந்து விழுந்தது என்று சொல்லலாம். அவரோடு பஸ் ஓட்டிய நாலைந்து பேர் பொழுதுபோக்காகத் தொடங்கியது அது. பயிற்சி கொடுத்தவர் வேறு ஊருக்குப் போனதும், எந்தக் கூட்டத்துக்கும் பிந்தி வராத குற்றத்துக்காக அப்பாவைப் பிடித்து அந்த இடத்தில் இருத்தினார்கள். அவருக்குத் தெரிந்தது கிரிக்கெட். பேஸ்பாலை நூலகத்தில் இரவல் எடுத்த புத்தகத்தைப் பார்த்துப் படித்தார்.

கடைசிப் பிரிவில் கடைசி அணி நாங்கள். காரணம் பத்து வயதில் எனக்கே தெரிந்திருந்தது. பந்து எறிபவர் பரவாயில்லை, அடிப்பவர்களும் பரவாயில்லை. ஆனால் எதிரணிக்காரர் பந்தை உயர்த்தி அடித்துவிட்டால், அதைப் பிடிப்பதற்கென்று தூரத்தில் நிற்கும் மூன்று பேரும் மூன்று திசையைப் பார்ப்பார்கள். அவர்கள் நிற்கும் இடத்தை அப்பா வெளிக்களம் என்பார். எங்கள் வெளிக்களத்தில் புல்லுக்கு மட்டும்தான் பந்தோடு பழக்கம் இருந்தது.

அந்த மூவரில் ஒருவருக்கு முழங்கால் போனது. இன்னொருவர் குயின்ஸ்லாந்துக்கு வீடு மாறினார். மிஞ்சியவர் இடது பக்கத்தில் நின்ற என் சித்தப்பா, அப்பாவின் தம்பி.

சித்தப்பா இலங்கையிலிருந்து படகில் வந்தவர். மெல்பேர்னில், நோபல் பார்க் என்ற பகுதியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஆறு வருடமாக விசாவுக்குக் காத்திருந்தார். ஊரில் சித்தியும் என் வயதில் ஒரு மகளும் இருந்தார்கள். விசா இல்லாமல் அவர்களைக் கூப்பிடவும் முடியாது, போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரவும் முடியாது. போவதென்றால் ஒரேயடியாகப் போகவேண்டும். போனால் இறங்கிய இடத்திலேயே பிடித்துவிடுவார்கள் என்று அப்பா பயந்தார். ஆனாலும் அந்தக் கோடையில் சித்தப்பா போகிற கதையை எடுத்துவிட்டார். காலையில் போகிறேன் என்பார், பின்னேரம் இருந்து பார்ப்போம் என்பார். அம்மா தேத்தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம், இன்றைக்கு எந்தப் பக்கம் என்று அவர் முகத்தைப் பார்ப்பார்.

கிழமையில் ஐந்து நாள் அவருக்கு மரக்கறி பொதிசெய்யும் குளிரறையில் வேலை. சனிக்கிழமை மட்டும்தான் சவரம் செய்வார். பிறகு பேஸ்பால் காற்சட்டையை மடிப்பு வைத்து அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வருவார். மடிப்புக் குலையாத காற்சட்டையோடு பேஸ்பால் ஆடியவர் மெல்பேர்னிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். ஓடக் கால் இருந்தது அவருக்கு. பந்து இறங்கும் இடத்துக்கு எல்லோருக்கும் முதல் ஓடிப்போய் நிற்பார். கடைசி நொடியில் தலையைக் குனிந்துவிடுவார். பந்து முதுகுக்குப் பின்னால் விழும்.

நான் அம்மாவிடம் முறையிட்டேன்.

"வானத்தில இருந்து வாறதைக் கண்டா ஓடி ஒளிச்சுத்தான் சித்தப்பாவுக்குப் பழக்கம். நீ வாயை மூடு" என்றார் அம்மா.

கோடையில் எங்கள் அணிக்கு ஓய்வு. எல்லோரும் கிரிக்கெட் ஆடப் போய்விடுவார்கள். அப்பாவுக்கு அதுதான் ஆள்பிடிக்கும் காலம். சனி ஞாயிறுகளில் மடக்குக் கதிரை இரண்டைக் காரில் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிப் போவார். எல்லைக்கோட்டில் நிற்பவர்களை மட்டுமே பார்ப்பார். மட்டையில் பந்து பட்டு எத்தனை நொடியில் அவர்கள் கால் எடுக்கிறார்கள் என்று என் மணிக்கூட்டில் பார்த்து நான் கொப்பியில் எழுதவேண்டும். முதல் அடியைப் பின்னால் வைப்பவன் நமக்கு வேண்டியவன், முன்னால் பாய்கிறவன் வேண்டாம் என்று புத்தகத்தில் போட்டிருந்ததாம். எறியும் கை எப்படி, ஓடும் கால் எப்படி, குளிர்மழையில் பயிற்சிக்கு வருவானா என்று ஒவ்வொருவரையும் பெண் பார்க்கப் போனவரைப் போல விசாரித்தார்.

ஸ்பிரிங்வேலில் பாண் சுட்டு விற்கும் பேக்கரி வைத்திருந்த வியட்நாம்காரரின் மகன் நடுவுக்கு அகப்பட்டான். எல்லைக்கோட்டிலிருந்து அவன் எறிந்த பந்து நிலத்தில் படாமல் விக்கெட் காப்பாளரின் கைக்கு வந்தது. வலது பக்கத்துக்கு, ஓடத் தெரியாத ஆனால் விழுந்தாலும் பந்தை விடாத ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மூன்றாவதாகத்தான் மல்கிரேவ் அங்கிளைக் கண்டோம். மல்கிரேவில் வீடு, தமிழ்நாட்டுக்காரர், கம்ப்யூட்டர் வேலை.

"எனக்கு பேஸ்பால்லாம் தெரியாதேண்ணா" என்றார் அவர்.

"தெரியாட்டிப் பரவாயில்லை. பந்தைப் பிடிச்சாப் போதும்."

பிடித்தார். அப்பா இருபது பந்து உயர்த்தி அடித்தார், இருபதும் பிடித்தார். அப்பா இருபதையும் கொப்பியில் எழுதச் சொன்னார். மிஞ்சியிருந்த இடம் ஒன்று. அது சித்தப்பா நின்ற இடம்.

சித்தப்பாவை மாற்று ஆளாக வைக்கலாம்தான். ஆனால் மடிப்பு வைத்த காற்சட்டையோடு வருகிற தம்பியைக் கோட்டுக்கு வெளியே நிறுத்த அப்பாவுக்கு மனம் வரவில்லை. கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொப்பி எப்படித் திருப்பினாலும் மல்கிரேவ் அங்கிள் என்றே சொன்னது.

"சனிக்கிழமையும் இல்லையெண்டா அவரை இஞ்ச என்ன பிடிச்சு வைக்கும்?" என்று அம்மா குசினியில் கேட்டது எனக்கும் கேட்டது. கேட்டும் எனக்கு வெற்றிதான் பெரிதாக இருந்தது. என் வகுப்பில் ஒருத்தியின் தகப்பன் எதிரணியில் ஆடினார். திங்கட்கிழமை தோறும் அவள் எங்கள் தோல்வியை எல்லோருக்கும் விளம்பினாள். ஒரேயொரு திங்கட்கிழமை நிமிர்ந்து போகவேண்டும் என்பது என் ஆசை.

ஒரு ஞாயிறு காலை சித்தப்பாவே வழி சொன்னார்.

"அண்ணை, என்னத்துக்கு மண்டையை உடைக்கிறியள்? பூக்கட்டிப் பாப்பம். முருகன் சொல்லட்டும்."

அப்பாவுக்குப் பெரிய ஆறுதல். தன் வாயால் சொல்லவேண்டியதில்லை அல்லவா.

எங்கள் வீட்டில் துவாய் அடுக்கும் அலுமாரியின் நடுத்தட்டுத்தான் கோயில். அம்மா முற்றத்தில் ஒரு செவ்வரத்தையும் ஒரு வெள்ளை ரோசாவும் பறித்து வந்தார். சிவப்பு வந்தால் மல்கிரேவ் அங்கிள், வெள்ளை வந்தால் சித்தப்பா. இரண்டையும் என் கொப்பித்தாளில் ஒரே அளவாகப் பொதிந்து படத்துக்கு முன்னால் வைத்து, மாறி மாறிக் கலைத்தார். பொதி எடுப்பதற்குக் கள்ளமில்லாத கை வேண்டும். வீட்டில் இருந்த ஒரே குழந்தை நான்.

சித்தப்பா கண்ணை மூடிக் கும்பிட்டார். கற்பூரம் முடிந்த பிறகும் கும்பிட்டபடியே நின்றார். ஒரு இடது வெளிக்களத்துக்கு இவ்வளவு நேரமா என்று நினைத்தேன்.

என்னைக் கண்ணை மூடச் சொன்னார்கள். மூக்கை மூடச் சொல்லவில்லை. குனிந்தபோது இடப்பக்கத்துப் பொதி கமகமவென்று மணத்தது. செவ்வரத்தைக்கு மணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். கொஞ்சம் தயங்கினேன். சித்தப்பா எனக்கு மாம்பழம் சீவித் தருவது, வாய் தவறி மகளின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டுவிட்டு வெட்கப்படுவது எல்லாம் நினைவுக்கு வந்தன. திங்கட்கிழமையும் நினைவுக்கு வந்தது. மணக்காத பொதியை எடுத்தேன்.

அப்பா பிரித்தார். சிவப்பு. அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். சித்தப்பா சிரித்தபடி வந்து என் தலையைத் தடவினார்.

"சரி அண்ணை. சொல்லிப்போட்டார்."

தோற்றவர் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. அந்த ஞாயிறுக்குப் பிறகு அவர் முகத்தை அம்மா பார்க்கவேண்டி இருக்கவில்லை. காலையிலும் போகிறேன் என்றார், பின்னேரமும் போகிறேன் என்றார். அடுத்த கிழமை, தானாகவே ஊர் திரும்புவதாகச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். அப்பா கெஞ்சினார், அழுதார், ஒருநாள் கையை ஓங்கியும்விட்டார். "இன்னும் ஒரு வருசம் பொறடா" என்ற அப்பாவுக்கு, "முடிவு வந்திட்டுது அண்ணை" என்பதையே சித்தப்பா திருப்பித் திருப்பிச் சொன்னார்.

பிறகு நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல என்னால் முடியாது. இறங்கிய இடத்திலேயே அவரை விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். பல நாள் எங்கே என்று தெரியவில்லை. சித்தியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவர் வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை, இன்றும் எழும்புவதில்லை. அவரோடு அதே படகில் வந்த ஒருவருக்கு அடுத்த வருடமே நிரந்தர விசா கிடைத்தது. அப்பா அணியை விட்டுவிட்டார். நான் மணந்து பார்த்துப் பொதி எடுத்ததை இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் யாருடைய கை எழும்பப் போகிறது?

அவர் போனது அடுத்த குளிர்காலத்தின் முதல் ஞாயிறு. முந்திய நாள் நாங்கள் முதல் ஆட்டத்தை வென்றிருந்தோம். இடது பக்கம் உயர்ந்து வந்த இரண்டு பந்தையும் மல்கிரேவ் அங்கிள் பிடித்தார். கோட்டுக்கு வெளியே நின்று எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் சித்தப்பா.

விமான நிலையத்தில் அப்பா தூணோடு சாய்ந்து நின்றார். அம்மா சித்தப்பாவைப் பார்க்கமாட்டேன் என்று திரும்பி நின்றார். சித்தப்பா என் முன்னால் குந்தியிருந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

"குஞ்சு, எனக்குப் பயமில்லை. அண்டைக்கு நானும் என்ரை காரியம் ஒண்டை மனசுக்குள்ள வைச்சுக் கேட்டனான். குழந்தைப் பிள்ளை நீ எடுத்துத் தந்தது பிழைக்காது."

என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை. அவரும் எங்கள் அணி வெல்லவேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"ஓம் சித்தப்பா" என்றேன். "நேற்று வெண்டிட்டம்தானே!"