ஒன்பது படங்குகள்

அந்த வருடம் குப்பையைக் கண்டாலே எனக்குக் கண் மின்னும். பல்கலைக்கழகத்தில் இறுதி ஆண்டு. நானும் யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தியும் சேர்ந்து, தூக்கியெறிந்த உரப்பைகளையும் பொலித்தீனையும் கீற்றுக் கீற்றாக வெட்டி, கடைக்குக் கொண்டுபோகும் பைகள் பின்னத் தொடங்கியிருந்தோம். நுவரெலியாவுக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்கு விற்பது திட்டம். மாணவர் தொழில்முனைவுப் போட்டியின் நடுவர்கள், கொட்டகலைப் பக்கமுள்ள எங்கள் தோட்டத்துக்கே புதன்கிழமை வருவதாக இருந்தது. தோட்டத்துப் பெண்கள் எங்களோடு நிற்க வேண்டும் என்பதுதான் முதல் நிபந்தனை. போட்டியில் எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைக்கும் என்னை அரிப்பது அது இல்லை.

சனிக்கிழமை நல்ல வெயில். பெண்கள் எல்லோரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சாக்கை எடுத்துக்கொண்டு, தொழிலாளர் வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தின் பின்பக்கம் போனோம். தண்ணீர் ஓடும் கானில் கிடந்தது, வேலியில் சிக்கியது என்று எல்லாவற்றையும் பொறுக்கினோம். துணி காயப்போடும் கம்பியில் கறுத்துப்போன உரப்பைகள் ஒன்பது தொங்கின.

"இதையும் எடுக்கலாமோ?" என்று தோழி கேட்டாள்.

"தாராளமா எடு. எங்க லயம்தானே" என்று பெரிய மனுஷி மாதிரி நானே கைநீட்டி இழுத்துச் சாக்கில் திணித்தேன்.

ஞாயிறு பகல் முழுக்கக் கழுவினோம், வெட்டினோம், கீற்றுகளைப் பந்து பந்தாகச் சுற்றினோம். நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அம்மா பின்பக்கம் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"கம்பியில கெடந்த எம் படங்க பாத்தியா?"

மூலையில் பந்து பந்தாகக் கிடந்த கீற்றுகளைப் பார்த்தேன். நனைந்த தேயிலைச் செடிகளுக்குள் இடுப்பளவு இறங்கி நிற்கும் பெண்கள், உடுப்பு நனையாமல் இடுப்பில் சுற்றிக் கட்டுவது படங்கு. பழைய உரப்பைதான் படங்காகும். வெயில் நாளில் அதற்கு வேலை இல்லை, கம்பியில் தொங்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படங்கு கட்டிய இடுப்பைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவள் நான். அம்மா அதோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்ற ஒருநாள், தெரியாதவள்போல நடந்தவளும் நான்தான். விடுதிக்குப் போய் நாலு வருடத்தில் மறந்துவிட்டது என்று சொல்லலாம், ஆனால் அது பாதிப் பொய். எனக்கு அது எப்போதுமே குப்பையாகத்தான் தெரிந்திருக்கிறது.

"பாக்கலம்மா" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. தோழியைத் தனியே இழுத்துப்போய்ச் சொன்னேன். "இப்ப சொல்லாதை. சனங்கள் கோவிச்சுதுகள் எண்டா புதன்கிழமை ஒருத்தரும் வராயினம். பிறகு நாங்களே புதுசு வாங்கிக் குடுப்பம்" என்றாள். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. பழியை அவள் மேல் போட மாட்டேன்.

திங்கட்கிழமை காலை மழை விடவில்லை. நானும் அம்மாவின் பின்னால் போனேன். வேலைக்குப் பேர் கொடுக்கப் பெண்கள் கூடும் பெரட்டுக்களத்தில் ஒன்பது பேர் படங்கு இல்லாமல் நின்றார்கள். எங்கள் லயத்திலிருந்து வந்தவர்களில் ஒருவர் இடுப்பில் மட்டும் படங்கு இருந்தது. அவர் கடைசி வீட்டு அத்தை. குழாய்த் தண்ணீர் விஷயத்தில் அவருக்கும் அம்மாவுக்கும் ஏற்கெனவே ஆகாது.

"எல்லாரோடதும் போயிருக்கு. ஒங்களோடது மட்டும் எப்பிடி இருக்கு மதினி?" அம்மாதான் ஆரம்பித்தார்.

"நான் கழுவி வீட்டுக்குள்ள வச்சேன். அதுக்கு நான் களவாணியா?"

மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கங்காணி, "நேரமாவுது, மலைக்குப் போங்க" என்று கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க!"

அத்தை விறுவிறுவென்று மாரியம்மன் கோயில் படியில் ஏறினார். கூட்டமும் பின்னால் போனது. நானும் போனேன். சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தவரை எங்கள் ஊரில் பிறகு எல்லோரும் நம்புவார்கள். ஆனால் அந்த நிலைமைக்கு ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தியதை ஆயுசுக்கும் மறக்கமாட்டார்கள். கல்லின் மேல் சூடம் எரிந்தது. அத்தை உள்ளங்கையை விரித்துத் தூக்கினார்.

"அத்தை, வேணாம்! நான்தான் எடுத்தேன். எல்லாத்தையும் வெட்டிட்டேன்!"

என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. சூடம் தானாக எரிந்து முடிந்தது. பிறகு ஒருவர், "படிச்சவன் பாட்டக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

அத்தை இடுப்பிலிருந்த படங்கை அவிழ்த்தார். உதறி, மடித்து, என் கையில் வைத்தார்.

"இதையும் வெட்டிக்கம்மா. பை பின்ன நெறைய வேணும்ல."

படங்கு இல்லாமலேயே மழைக்குள் இறங்கிப் போனார். மற்றவர்களும் போனார்கள்.

அன்று வேலை முடிந்ததும் அந்தப் படங்கோடு கடைசி வீட்டு வாசலில் போய் நின்றேன். அத்தையின் சேலை இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அழுதேன். அவர் படங்கை வாங்கவில்லை.

"நீ சின்னப் புள்ள, ஒன்ன ஒன்னும் சொல்லல. என்னயக் களவாணின்னு கேட்டது ஒங்கம்மா. நாளைக்குப் பெரட்டுல, எல்லாரு முன்னாடியும், அவங்க கையால கட்டிவிடட்டும். அப்பக் கட்டிக்கிறேன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. ஒரு வசை வந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமையும் மழை. பெரட்டுக்களத்தில் அம்மா என் கையிலிருந்து படங்கை வாங்கினார். நேராக அத்தையிடம் போனார். எல்லோரும் பார்க்க, சேற்றில் முழங்காலூன்றி, படங்கை அத்தையின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். யாரிடமும் தலை குனியாத என் அம்மா. அத்தை மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தப்பா கேட்டுட்டேன் மதினி."

"எந்திரிங்க. கொழுந்துக்கு நேரமாச்சு."

அம்மா எழுந்து கூடையை மாட்டினார். நான் ஓடிப்போய் என் மழைக்கோட்டைக் கழற்றி நீட்டினேன். முதல் நாள் காலையிலிருந்து அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"நீயே போட்டுக்க. நாளைக்குப் பெரிய ஆளுங்கள்ளாம் வர்றாங்க. சளி புடிச்சா எப்பிடிப் பேசுவ?"

சொல்லிவிட்டு, இடுப்பில் ஒன்றும் இல்லாமல், நனைந்த செடிகளுக்குள் இறங்கினார்.