தஞ்சோங் கிளிங் மணலில் அடம்பங்கொடி

மாமியாருக்கு முழங்கால் வீக்கம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் தந்த மருந்துக்கு அது இறங்கவில்லை. அடம்ப இலையை வதக்கிக் கட்டினால்தான் இறங்கும் என்று ஒரே பிடிவாதம். கடல் மணலில் படர்கிற கொடிக்கு ரப்பர் காட்டில் எங்கே போவது? பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமை காலை, ஜாசின் பக்கத்து எங்கள் தோட்டத்து கேட்டில் மலாக்கா பஸ் ஏறினேன். காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடக்கிற இந்த அவசரகாலத்தில் இதற்காகவா ஒரு பயணம் என்று மனைவி கேட்டாள். எனக்கும் அதே பயம்தான்.

மலாக்கா வரை பதினைந்து மைல்; அங்கே பஸ் மாறி, தஞ்சோங் கிளிங் கடற்கரைக்கு எட்டு மைல். வழியில் இரண்டு போலீஸ் சோதனை. அடையாளக் கார்டை எடுத்து எடுத்துச் சட்டைப் பை கிழிந்ததுதான் மிச்சம்.

கொதிக்கும் மணலில் ஊதாப் பூக்கள் விரிந்து கிடந்தன. எங்கள் லயத்து வீட்டுக் கொல்லையில் பூக்கும் சக்கரவள்ளிக்கிழங்குப் பூவும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். தப்பான கொடியைக் கொண்டுபோனால் மாமியார் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவார். இலையைப் புரட்டினேன். கிழங்கு இலைக்கு நுனி கூர். இதற்கோ நுனி இரண்டாகப் பிளந்து ஆட்டுக் குளம்பு போலிருந்தது. அடம்பேதான். நிறைய அறுத்து, சுருட்டி, கட்டுக் கட்டாக நாரால் கட்டிப் பையில் வைத்தேன். நடுவதற்குக் கிழங்குக் கொடியைக் கட்டுகிற அதே கட்டு. தோட்டத்தில் வளர்ந்த கைக்கு வேறு கட்டத் தெரியாது.

திரும்பும்போது, தோட்டத்துக்கு மூன்று மைல் இருக்கையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். மலாய் கான்ஸ்டபிள் கட்டைப் பார்த்ததும் முகம் மாறினார். காட்டுக்குள் இருப்பவர்கள் நட்டுத் தின்னவா இந்தக் கிழங்குக் கொடி என்று கேட்டார். ஒரு பிடி அரிசி வெளியே போனாலே ஜெயில் என்கிற காலம். பஸ்ஸில் தெரிந்தவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஓர் இலையைக் கிள்ளி நுனிப் பிளவைக் காட்டினேன். அவர் மடித்து, விரித்துப் பார்த்துவிட்டு, "தாப்பாக் கூடா" என்றார். குதிரைக் குளம்பு, மலாய்க்காரர்கள் இதற்கு வைத்த பெயர். பையும் இலையும் திரும்பி வந்தன.

பஸ் கிளம்பியதும் பக்கத்தில் இருந்த பால்மரத் தொழிலாளி காதோடு சொன்னார்: "இன்னும் தோட்டத்து கேட்டு இருக்கு, வாத்தியாரே. அங்க எல்லாரும் எலய பாத்துக்கிட்டு நிக்க மாட்டாங்க லா."

கட்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே போட்டேன். கேட்டில் என் பையை யாரும் திறக்கச் சொல்லவில்லை.

கிழிந்த சட்டைப் பையில் அந்த ஓர் இலை மட்டும் இருந்தது. மாமியார் அதை முகர்ந்தார், நுனியைத் தடவினார். "இதேதான் மாப்ள. மத்தது எங்க?" என்றார்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். அடையாளக் கார்டைக் கையிலேயே வைத்திருங்கள். பூவை நம்பாதீர்கள், இலையைப் பாருங்கள். கொடியைக் கட்டாகக் கட்டாதீர்கள். என்னைப் போல் பயந்த ஆளாக இருந்தால், திரும்பி வரும்போது ஜன்னல் ஓரத்தில் மட்டும் உட்காராதீர்கள்.