பதினோராம் நம்பர் பூட்ஸ்

போன குளிர்காலத்தில் கீழ்வீட்டு பௌதி (வங்காளத்தில் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) மாடியேறி வந்து ஓர் உதவி கேட்டார். டாலிகஞ்ச் சினிமா ஸ்டுடியோவில் உடுப்புகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஏதோ யுத்தப் படமாம். நாற்பது பேருக்குச் சிப்பாய் உடுப்பு மாட்ட வேண்டும், எதை எங்கே கட்டுவதென்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லையாம்.

நான் ராணுவத்தில் ஸ்டோர்மேனாக இருந்தவன். பிறகு கிடர்பூர் துறைமுகத்தில் காவல் வேலை பார்த்து ஓய்வுபெற்று இங்கேயே தங்கிவிட்டேன். மனைவி இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது. மகன் புனேயில். சில நாட்களில் பால்காரரிடம் பேசுவதோடு என் பேச்சு முடிந்துவிடும். உடனே வருகிறேன் என்றேன்.

ஹெல்மெட் பிளாஸ்டிக், துப்பாக்கி மரம். சட்டைகள் மட்டும் நிஜம், எங்கோ ஏலத்தில் எடுத்தவை. கம்பளி கலந்த அந்த முரட்டுத் துணியைத் தொட்டதும் விரல்கள் தாமாகவே மடிப்பை நீவின. தண்ணீர் பாட்டிலை எல்லாரும் வயிற்றுக்கு முன்னால் தொங்கவிட்டிருந்தார்கள். அப்படியே ஊர்ந்தால் குத்தும். ஒவ்வொருவருக்கும் அதைப் பின்பக்கம் தள்ளி, தோட்டாப் பையை ஏற்றிக் கட்டி, பெல்ட்டை இறுக்கினேன்.

மூன்றாம் நாள், நெட்டையான ஒருவர் பூட்ஸ் கடிக்கிறது என்றார். கேமரா இடுப்புக்கு மேலேதான் பார்க்கும், சமாளிக்கச் சொல்லுங்கள் என்றார் உதவி இயக்குநர். எத்தனையாம் நம்பர் என்று கேட்டேன். பதினொன்று.

எல்லையில் சண்டை நடந்த வருஷம், மலையடிவார முகாமில் ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் நின்று சாமான் கொடுத்துக்கொண்டிருந்தேன். கோட்டு, கையுறை, கம்பளி சாக்ஸ், பூட்ஸ். வெளியே லாரிகள் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தன. ஜன்னல் தாழ்வாக இருந்ததால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கைகளும் சட்டைப் பொத்தான்களும்தான். ஒருவன் இந்தியில் பதினொன்று கேட்டான். பத்துக்கு மேல் இல்லை, பத்தையே தள்ளினேன். என் இந்தியில் எதைக் கண்டுகொண்டானோ, சட்டென்று தமிழில் கேட்டான்.

"அண்ணே, நீங்க எந்த ஊரு?"

வரிசை நீளமாக இருந்தது.

"நகரு. அடுத்த ஆள் வா," என்றேன்.

பூட்ஸை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான். குனிந்து முகத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. சண்டை முடிந்து சாமான்கள் திரும்பி வந்தபோது, பல பூட்ஸ்களை யார் யாரோ கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். அவன் வந்தானா, இல்லையா, எனக்குத் தெரியாது. இதை மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

ஸ்டுடியோவில் எல்லாரும் காத்திருக்க, அரை மணி நேரம் பெட்டி பெட்டியாகக் குடைந்தேன். வேறொரு படத்துக்கு வந்த சாமானில் ஒரு ஜோடி கிடைத்தது. மண்டியிட்டு அவருக்குக் கயிறு கட்டிவிட்டு, எந்த ஊர் என்று கேட்டேன். சுந்தரவனம் பக்கம் என்றார். வீட்டு வாசல்வரை உப்புத் தண்ணீர் வருமாம். அதைச் சொல்லிவிட்டு, இங்கே யாரும் கேட்டதில்லை என்று வெட்கப்பட்டார்.

அதன் பிறகு பெல்ட் மாட்டும்போதெல்லாம் ஒவ்வொருவரையும் கேட்டேன். என் வங்காள மொழியைக் கேட்டுச் சிரித்தாலும் பதில் சொன்னார்கள். காகு என்று, சித்தப்பாவைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார்கள். மதியம் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். பன்னிரண்டு நாள் அப்படி நடந்தது.

கடைசி நாள் மாலை உடுப்பெல்லாம் சாக்குக்குள் போயிற்று. அவரவர் சட்டையில் அவர்கள் கேட்டைத் தாண்டிப் போனபோது பாதிப்பேரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. அடுத்தது குடும்பப் படம், தேவைப்பட்டால் சொல்கிறேன் என்றார் பௌதி.

சரி என்று தலையாட்டினேன். ஆனாலும் மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சவரம் செய்துகொண்டு ஸ்டுடியோ வரை போனேன். இன்று ஷூட்டிங் இல்லையே என்றார் காவலாளி. இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்று அவரிடம் பொய் சொன்னேன். எதிரே ஒரு டீ குடித்துவிட்டு, ஆட்டோ பிடிக்காமல் மெதுவாக நடந்து வீடு திரும்பினேன். அப்படியும் பத்தரை மணிதான் ஆகியிருந்தது.