கேள்விகள் கடைசியில்

எங்கள் வாசிகசாலைக் கமிட்டி இன்று ஒரு மணி நேர ஆலோசனைக்குப் பின் சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த தீர்மானம் ஒன்றை ஏகமனதாக நிறைவேற்றியது: பெண்கள் கேள்விகளைக் கூட்டத்தின் கடைசியில்தான் கேட்கலாம்.

குழந்தைகளின் சளிக்காய்ச்சல் பற்றித் தாய்மாருக்குக் கற்பிக்கும் கூட்டம். இந்த வருடம் நாங்கள் அவர்களுக்குக் கற்பிக்கும் நான்காவது விஷயம். தலைமை, வழக்கம்போல நான். பேச்சாளர் பட்டணத்திலிருந்து சாரதியோடு காரில் வந்திருந்தார்.

தாய்மாரின் மடியிலிருந்த பிள்ளைகள் எல்லாம் இருமின. எங்கள் காரியதரிசியின் மடியில் அவர் மகன் மட்டும் சத்தமில்லாமல் கிடந்தான். பிள்ளை வளர்த்தால் அப்படி வளர்க்க வேண்டும் என்றார் பேச்சாளர்.

தொண்டைமானாற்றிலிருந்து வந்த பெண் ஒருவர் எழுந்தார்.

"கேள்வி கடைசியிலை, அக்கா," என்றேன்.

"கேள்வி இல்லைத் தம்பி. ஐயா, உங்கடை பிள்ளையின்ரை சட்டையைத் தூக்குங்கோ."

காரியதரிசி தூக்கினார். ஒவ்வொரு மூச்சுக்கும் பிள்ளையின் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

"இவனுக்கு இருமவும் சத்தில்லை. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

"இதை ஆரிட்டைப் படிச்சனீர்?" என்றார் பேச்சாளர்.

"நாலு பெத்தனான், ஐயா. ரண்டு இருக்கு."

பேச்சாளரின் காரில் தகப்பனும் பிள்ளையும் போனார்கள். அந்தப் பெண்ணும் கூடப் போனார். மற்றத் தாய்மார் தங்கள் பிள்ளைகளின் சட்டைகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மூச்சைக் கவனிப்பது தன் பேச்சின் பதினோராம் பக்கத்தில் வருகிறது என்று பேச்சாளர் என்னிடம் விளக்கினார். அவர் மூன்றாம் பக்கத்தில் நின்றிருந்தார்.

கார் மாலையில் திரும்பியது. நியூமோனியாவாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் தப்பியிருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னதாகச் சாரதி சொன்னார்.

கார் திரும்பும்வரை பேச்சாளர் மீதிப் பக்கங்களைக் கமிட்டிக்கு வாசித்தார். கடைசியில் கேள்விகள் எவையும் கேட்கப்படவில்லை.