கறுப்பு மணலும் ஈரக்கைக்காரரும்

எங்கள் கான்கிரீட் ஆலையில் கலவை போடுகிறவரை ஈரக்கைக்காரர் என்போம். மணலை ஒரு பிடி எடுத்து இறுக்கிக் கையை விரிப்பார். உருண்டை நிற்கிறதா, உதிர்கிறதா என்று பார்த்தே எவ்வளவு தண்ணீர் விடலாம் என்று சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருடம் தப்பியதில்லை. ஈரம் அளக்கும் மெஷினைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார், அவ்வளவு கர்வம். மேகத்தையும் ஒரு பிடி பிடித்து மழை வருமா என்று சொல்லுங்களேன் என்று, லாரி ஓட்டுகிற நான் சீண்டுவேன்.

ஆற்று மணல் குதிரைக்கொம்பானதும், எங்கள் பரிசோதனைக்கூடத்துப் பெண் தாமிரம் உருக்கும் ஆலையின் கசடை வரவழைத்தாள். மணலில் பாதிக்குப் பதில் அது. கறுப்பாக, கண்ணாடித்தூள் மாதிரி இருக்கும். வீட்டில் சண்டை போட்டு வேலைக்கு வந்தவள், ஆறு மாதம் சோதித்துப் பார்த்திருந்தாள். இது தண்ணீரை உறிஞ்சாது, அளவைக் குறையுங்கள் என்று தாளில் எழுதிக் கொடுத்தாள். இவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கையைத்தான் நம்பினார். கசடு நனைந்திருந்தாலும் உருண்டை பிடிக்காது. கையில் உதிர்ந்ததைக் காய்ந்தது என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டிவிட்டார். தண்ணீர் மிஞ்சினால் கான்கிரீட் பலமிழக்கும்.

சோதனைக்காக அந்தக் கலவையில் வார்த்த கட்டிகளை ஏழாம் நாள் நசுக்கினால் பாதி பலம்கூட இல்லை. அந்தக் கலவையில் போட்ட பள்ளிக்கூடக் கூரையை இடிக்க வேண்டியதாயிற்று. கழிவைக் கொண்டுவந்து என் பெயரைக் கெடுத்துவிட்டாய் என்று முதலாளி அவள்மேல் பாய்ந்தார். ஈரக்கைக்காரர் பக்கத்திலேயே நின்றார், வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் கூட்டியதைப் பார்த்த நானும்தான் திறக்கவில்லை. வெட்கக்கேடு.

அவளை வேலையைவிட்டு அனுப்பி நான்கு நாள் கழித்து, மனசு கேட்காமல், ஈரக்கைக்காரர் முதலாளியிடம் போய்த் தண்ணீரைக் கூட்டியது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். முதலாளி சிரித்தார்.

"உங்க கை தப்புமாண்ணே? பொண்ணு பாவம்னு பழிய நீங்க ஏத்துக்காதீங்க."

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. கசடு மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலமே என் லாரியில் அவள் வீட்டுக்குப் போனோம். நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் கோபப்படுவாள் என்று பார்த்தேன். இல்லை.

"அன்னிக்கு முதலாளி திட்டும்போது நீங்க ரெண்டு பேரும் அங்கதான் இருந்தீங்க அண்ணே. தப்பு என்மேல இல்லேன்னா யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்களேன்னு அப்பா கேட்டாரு. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆறு மாசம் எழுதின நோட்டை நானே கிழிச்சுப் போட்டுட்டேன்."