பந்து வராத பக்கம்

ஐம்பதுகளின் கடைசியில் செண்பகனூர் கால்பந்து அணிக்கு என் அண்ணன்தான் கோல்கீப்பர். ஆட்டம் முடியும்வரை அம்மா மைதான ஓரத்தில் ஜெபமாலை உருட்டுவாள். அவன் பக்கம் பந்தே வரக்கூடாது என்பதுதான் அவளுடைய வேண்டுதல்.

நாயுடுபுரத்தோடு ஆடிய ஓர் ஆட்டத்தை ஒரு பாதிரியார் சினிமா கேமராவில் பிடித்தார். படச்சுருள் கழுவி வருவதற்குள் டைபாய்டு அண்ணனைக் கொண்டுபோய்விட்டது. அவனுக்கு வேறு படம் எதுவும் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைப் போட்டார்கள். கேமரா பந்தின் பின்னாலேயே ஓடியது. எங்கள் பையன்கள் எதிரணியின் கோல் பக்கமே நின்று ஆடியதால் அண்ணன் கண்ணில் படவே இல்லை. பந்தைத் தவிர மனுஷனே தெரியாதா என்று அந்தப் பாதிரியார் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. பக்கத்தில் அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“மாதாவே, இந்தப் பக்கம் வரட்டும். ஒரு தடவை வரட்டும்.”

கடைசியில் வந்தது. அண்ணன் பாய்ந்தான். பந்து அவன் கையைத் தாண்டி உள்ளே போனது. கூட்டம் உச்சுக்கொட்டியது.

அம்மா எழுந்து நின்று பாதிரியாரிடம் கேட்டாள். “அந்தக் கோலை இன்னொருக்கா போடுங்க, சாமி.”