கதவுப் பக்கம் நின்று கழற்றிய புல்லி

வாசலில் நின்ற காட்டெருமையைப் பக்கத்து வீட்டுப் பசு என்று நினைத்து என் மனைவி கழுநீர்ச் சட்டியோடு அதன் மூக்கு வரைக்கும் போனாளே, அதற்கு அடுத்த மாதம் நடந்தது இது. அந்தக் காட்டெருமைக்கு நல்ல மனது. சட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது. இவள் மட்டும், "பசு இன்னைக்கி என்னமோ ரொம்ப ஒசரமா இருக்குதுங்க" என்றாள். நான் ஜன்னலுக்குள் நின்று நடுங்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டு கண்ணிலும் புரை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு இரண்டு தடவை நாள் குறித்துக் கொடுத்தார்கள். முதல் தடவை தங்கச்சி வீட்டு வளைகாப்பு என்றாள். இரண்டாவது தடவை முழங்கால் வலி என்றாள். உண்மையில் பயம். மூன்றாவதாக ஒரு திங்கட்கிழமை. "பஸ்ஸுல வாந்தி வரும். வாடகை வண்டியில வாந்தி எடுத்துட்டு டிரைவரு மொகத்துல முழிக்கிறது எப்படி? மாப்பிள்ளை வண்டின்னா வாரேன். இல்லாட்டி இனிமே கண்ணுப் பேச்சே எடுக்கப்படாது" என்று சொல்லிவிட்டாள். எங்கள் ஊர் ஜெகதளாவில் அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். கல்யாணமான புதிதில் ஒரு தடவை என்னோடு இருபது நாள் பேசவில்லை. அந்தக் கதை இப்போது வேண்டாம்.

மாப்பிள்ளை குன்னூரில் மருந்துக்கடையில் நிற்கிறார். பழைய சின்னக் கார் ஒன்று வைத்திருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் கண்ணுக்கு ஊற்றும் சொட்டு மருந்தையும் எடுத்துக்கொண்டு வந்தவர், வண்டி நின்ற இடத்தில் ஆயில் குளம் கட்டியிருப்பதைக் காட்டினார். குனிந்து பார்த்தேன். எஞ்சின் நுனியில் பெல்ட் ஓடுகிற இரும்புச் சக்கரம் ஒன்று உண்டு, கிராங்க் புல்லி என்பார்கள். அதற்குப் பின்னால் ஆயில் கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையம், அந்த ஆயில் சீல் போய்விட்டது. ஆயில் இல்லாமல் மலை இறங்க முடியாது. அவர் உடனே கிளம்பிப் போய், ஸ்பேர் பார்ட்ஸ் கடை மூடுவதற்குள் புது சீல் வாங்கி வந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எந்த ஒர்க்‌ஷாப்பும் திறக்காது.

"நான் கழட்டறனுங்க மாப்பிள்ளை" என்றேன்.

தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்த வாய், சும்மா இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வலது முன் சக்கரத்தைக் கழற்றி, வண்டியை ஜாக்கியில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். பெல்ட்டை எடுத்தோம். எஞ்சின் சுற்றாமல் இருக்க கியரில் போட்டு, மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டார். புல்லியின் நடு போல்ட்டில் சாக்கெட்டை மாட்டி, கைப்பிடியில் ஒரு தண்ணீர்க் குழாயைச் செருகி, பம்பர் பக்கமாக நீட்டி, என் முழு எடையையும் போட்டு அழுத்தினேன். அசையவில்லை.

எதற்குப் பம்பர் பக்கம் என்றால், அந்தப் பக்கம் அழுத்தினால் போல்ட் வலது பக்கமாகச் சுற்றும்; எங்கள் ஃபேக்டரியில் இலை வாட்டுகிற விசிறிகளின் நட்டெல்லாம் இடது மரை, வலது பக்கம் திருப்பினால்தான் கழலும். சுற்றுகிற வேகத்தில் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது தெரியாமல் கழற்றுகிறேன் என்று இறுக்கி, ஒன்றை முறித்துவிட்டேன். துரை இங்கிலீஷில் திட்டினார். ஒன்றும் புரியாததால் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அன்றிலிருந்து, சுற்றுகிற சாமான் எதைக் கண்டாலும் என் கை இடது மரை என்றே எடுத்துக்கொள்ளும்.

மறுபடி அழுத்தினேன். குழாய் வளைந்தது. வேறு குழாய் போட்டேன். மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு, ஊறட்டும் என்று வாசலில் நடந்தேன். நிற்க முடியவில்லை. தேயிலை ஓரம் வரை போவேன், திரும்பி வந்து போல்ட்டைத் தொட்டுப் பார்ப்பேன். மாப்பிள்ளை செல்போனில் வீடியோ தேடினார். சிக்னல் இல்லாமல் அது பாதியிலேயே சுற்றிக்கொண்டு நின்றது.

மனைவி படிக்கட்டில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு கவலை கிடையாது.

"ஏனுங்க, கழறலீங்களா?"

"கழறும்."

"கழறாட்டி உடுங்க. சாமிக்கே இஷ்டமில்லையாட்ட இருக்குது."

"சாமி உங்கிட்ட வந்து சொல்லுச்சா?"

"காட்டெருமையவே ஒண்ணும் பண்ணாம அனுப்பி வெச்ச சாமி, இதுக்கு மேல என்னத்தச் சொல்லோணும்?"

மாப்பிள்ளை உள்ளேயிருந்து சிரித்தார். பிறகு தானாகவே, "நாந்தானுங்க மாமா வண்டியப் பாக்காம உட்டுட்டேன். துரு ஏறிப் புடிச்சுக்கிச்சு" என்றார். பாவம், மிதித்து மிதித்து அவர் கால் நடுங்கியது. நான் குழாயின் மேலேயே ஏறி நின்றேன். டக்கென்று கொஞ்சம் நகர்ந்தது. "வருதுங்க மாப்பிள்ளை" என்றேன். அப்புறம் ஒரு நூல்கூட வரவில்லை. மத்தியானச் சோறு யாருக்கும் இறங்கவில்லை, அவளைத் தவிர.

மூன்று மணி இருக்கும். சொட்டு மருந்து ஊற்றுகிற வேளை. "மூடி தொறக்க வர்லீங்க, சித்த வாங்க" என்று கூப்பிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு போய், அந்தக் குட்டி பாட்டிலை வாங்கி மூடியைத் திருகினேன். இடது பக்கம் திரும்பி அது கழன்றது.

என் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னங்க, ஊத்துங்க" என்று அண்ணாந்து காத்திருந்தாள். இரண்டு கண்ணிலும் பால் படிந்த மாதிரி வெள்ளை. ஊற்றினேன். ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்தது.

இது கார். விசிறி இல்லை. இந்த மூடி மாதிரி இதுவும் இடது பக்கம் திருப்பினால் கழல்கிற சாதாரண வலது மரைதான். காலையிலிருந்து ஒன்பது மணி நேரமாக நான் அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வண்டிக்குத் திரும்பி, குழாயைக் கதவுப் பக்கமாக மாற்றி நீட்டினேன். மாப்பிள்ளை ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க மாமா, எடம் மாறிட்டீங்க?"

"அந்தப் பக்கம் சேறுங்க மாப்பிள்ளை. கால் வழுக்குது."

வாயில் வந்துவிட்டது. சேறு இரண்டு பக்கமும்தான் இருந்தது.

நானே முறுக்கி வைத்த முறுக்கு சும்மா விடுமா? நாலு தடவை தொங்கினேன். ஐந்தாவது தடவை துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். போல்ட் இளகியது. மாப்பிள்ளை இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "காலைல இருந்து நீங்க போட்ட பலமுங்க மாமா, இப்பத்தான் வேலை செஞ்சிருக்குது" என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

போல்ட் வந்தும் புல்லி வரவில்லை. துரு உண்மையாகவே பிடித்திருந்தது. கடப்பாரையால் நெம்பினால் விளிம்பு உடைந்துவிடும். நெம்பவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல், அதன் முகத்திலிருந்த எண்ணெய் அழுக்கை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். இரண்டு சின்ன ஓட்டைகள் தெரிந்தன, உள்ளே மரையோடு. கழற்றுவதற்கென்றே வைத்த ஓட்டைகள். நடு போல்ட்டைப் பாதி உள்ளே விட்டு, அதன் தலையின் மேல் இரண்டு துளையுள்ள ஒரு பட்டை இரும்பைக் குறுக்கே வைத்து, அதன் வழியாகப் புல்லியின் இரண்டு ஓட்டையிலும் நீள போல்ட் போட்டு, இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று என்று மாற்றி மாற்றி முடுக்கினேன். புல்லி கிறீச்சென்று முனகிக்கொண்டு வெளியே வந்தது. பொழுது சாய்வதற்குள் சீலை மாற்றி எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம். மனைவி எழுந்து உள்ளே போய், பையில் சேலைகளை எடுத்து வைத்தாள்.

திங்கட்கிழமை ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. கட்டுப் பிரித்துத் திரும்பி வருகிறபோது, மலைப்பாதையில் பர்லியார் தாண்டி ஒரு வளைவில் அவள் என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"இத்தனையா?" என்றாள். பிறகு மாப்பிள்ளைக்குக் கேட்காமல், "வெடியால பம்பர் பக்கம் தொங்கினீங்க. பொழுதோட கதவுப் பக்கம் தொங்கினீங்க. கதவுப் பக்கம் போனதுக்கப்பறந்தான் கழண்டுச்சு" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மங்கலாத்தான் தெரிஞ்சுது."

"பாட்டல் மூடியாட்டத்தான்னு அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நான் எதுக்குங்க சொல்றேன்?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தேயிலைச் செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த கண்ணும் ஆகிவிட்டது. காட்டெருமை வந்தால் இப்போது அவள்தான் என்னை உள்ளே இழுக்கிறாள். என் மனதில்தான் நிம்மதி இல்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் மாப்பிள்ளை நாலு பேரைக் கூட்டி வைத்து, தான் வண்டியைக் கெடுத்து வைத்ததையும், மாமா ஒரு பகல் முழுக்கத் தொங்கிக் கழற்றியதையும் சொல்கிறார். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறேன். அவள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொள்கிறாள். சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை வாயெடுத்தேன். "மாமா" என்று அவர் திரும்பியதும் வேறு பேச்சு வந்துவிடுகிறது.

நீங்கள் குன்னூர் போனால் மார்க்கெட்டுக்கு மேலே இருக்கிற மருந்துக்கடையில் ஒரு தலைவலி மாத்திரை வாங்குங்கள். கண்ணாடி போட்டு, கொஞ்சம் கால் தாங்கி நடக்கிறவர்தான் மாப்பிள்ளை. துரு பாதிதான், மீதி மாமா இறுக்கினது என்று சொல்லிவிடுங்கள். நான் சொல்லச் சொன்னதாகவே சொல்லுங்கள்.